இரண்டு சக்தி கொண்ட கதாபாத்திரத்தை என்ன பெயரிட்டு அழைப்பது? ட்வின்பார்ன், கிஷ், இன்ன பிற

கேள்வி நீளமாக இருந்தது. பின்னால் வருபவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பிராண்டன் சாண்டர்சனின் மிஸ்ட்பார்ன் உலகத்தை வைத்து நீங்கள் ஒரு ரசிகர் கதை எழுதுகிறீர்கள். அந்த உலகத்தின் இரண்டு உலோக வித்தைகளில் அல்லோமான்ஸி அதன் நாயகிக்கு முழுவதும் கைவரும். மற்றதான ஃபெருக்கெமியில் தங்கம் ஒன்று மட்டும் வரும். அவளை ‘ட்வின்பார்ன்’ என்று எழுதினீர்கள். படித்த ஒருவர் அது தப்பு, ‘ஹாஃப்பார்ன்’ என்று எழுதுங்கள் என்றார். இன்னொருவர் அப்படி ஒரு சொல் நாவலிலேயே இல்லை என்று சண்டைக்கு வந்தார். மூன்றாமவர், எதற்கு இந்த வம்பு, ‘ஹைப்ரிட்’ என்று போட்டுவிட்டால் எல்லாக் கதைக்கும் பொருந்துமே என்றார். நடுவில் கதையையும் கொஞ்சம் சொல்லியிருந்தீர்கள்: அவள் கத்திக்குத்து வாங்கி நாலு நாள் படுக்கையில் கிடக்கிறாள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சொற்களில் எது ஆசிரியருடையது, எது ரசிகர்களுடையது என்பது ஒன்று. இரண்டு சக்திகள் சேர்ந்த ஆளுக்குக் கதை எதுவானாலும் செல்லுபடியாகும் ஒரு பொதுப்பெயர் இருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். நான் பல வருடங்களாக வார இறுதிகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தை நடத்துகிறவன். சாண்டர்சனை விடாமல் படிப்பவன். அனிமே பக்கம் நான் சாதாரணப் பார்வையாளன்தான், அதனால் அங்கே அதிகம் நிற்க மாட்டேன். இன்னொன்று: கீழே மிஸ்ட்பார்ன் கதையின் முக்கியமான முடிச்சுகள் அவிழும். முதல் மூன்று நாவல்களைப் படிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுவது நல்லது.

முதலில் அந்த உலகத்தின் கணக்கைப் பார்ப்போம். அல்லோமான்ஸி என்பது உலோகத்தை விழுங்கி வயிற்றில் ‘எரித்து’ சக்தி பெறுவது. ஃபெருக்கெமி என்பது உடம்பின் ஒரு குணத்தை உலோகத்தில் சேமித்து வைத்து, வேண்டும்போது திரும்ப எடுப்பது. அடிப்படை உலோகங்கள் 16. அல்லோமான்ஸியில் ஒரே ஒரு உலோகம் எரிக்கத் தெரிந்தவர் மிஸ்டிங், எல்லாமும் தெரிந்தவர் மிஸ்ட்பார்ன். ஃபெருக்கெமியில் ஒன்று மட்டும் தெரிந்தவர் ஃபெர்ரிங், எல்லாம் தெரிந்தவர் முழு ஃபெருக்கெமிஸ்ட். 2006இல் வந்த முதல் நாவலின் காலத்தில் ஃபெர்ரிங் என்று யாரும் கிடையாது. டெரிஸ் இனத்தாரில் சிலர் முழு ஃபெருக்கெமிஸ்ட்களாக இருந்தார்கள், அவ்வளவுதான். பேரரசை ஆண்ட லார்ட் ரூலர், அல்லோமான்ஸி ஓடும் பிரபுக்களின் ரத்தமும் டெரிஸ் ரத்தமும் கலந்துவிடக் கூடாது என்பதில் பயங்கர கண்டிப்பாக இருந்தான். டெரிஸ் மக்கள் யார் யாருக்குப் பிள்ளை பெறுவது என்பதையே அரசு தீர்மானித்தது, ஆண் பணியாளர்களைக் காயடித்தது. காரணம் எளிது. இரண்டும் கலந்தால் தனக்குச் சமமாக ஒருவன் பிறந்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியும்.

பேரரசு விழுந்து சுமார் 300 ஆண்டுகளுக்குப் பிறகு நடப்பது 2011இல் வெளியான ‘த அல்லாய் ஆஃப் லா’. இதற்குள் ரத்தம் நன்றாகக் கலந்துவிட்டது, நீர்த்தும் போய்விட்டது. மிஸ்ட்பார்ன்கள் பிறப்பதில்லை. ஆனால் அல்லோமான்ஸியில் ஒன்று, ஃபெருக்கெமியில் ஒன்று என்று இரண்டு வாய்த்தவர்கள் அங்கங்கே பிறக்கிறார்கள். அவர்களைத்தான் நாவலே ட்வின்பார்ன் என்று அழைக்கிறது. இது கதைமாந்தர்கள் தங்கள் வாயால் சொல்லும் சொல், சந்தேகமே வேண்டாம். பொருளும் துல்லியமானது: அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. 16 மிஸ்டிங் வகை, 16 ஃபெர்ரிங் வகை, ஆக 256 சேர்க்கைகள். நாயகன் வேக்ஸ் எஃகை எரித்து உலோகங்களைத் தள்ளுவான், இரும்பில் தன் எடையைச் சேமிப்பான். எடையைக் கூட்டிக்கொண்டு தள்ளினால் தள்ளும் வேகம் பயங்கரமாக இருக்கும். அவன் கூட்டாளி வேய்ன் பெண்டலாய் என்ற உலோகக்கலவையை எரித்துத் தன்னைச் சுற்றி நேரத்தை வேகமாக ஓடவைப்பான், தங்கத்தில் ஆரோக்கியத்தைச் சேமிப்பான்.

அடுத்த அடுக்கு, மேசை விளையாட்டு. மிஸ்ட்பார்ன் உலகத்தை வைத்து கிராஃப்டி கேம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று ஒரு ஆட்டம் வெளியிட்டது. விளையாட்டுக்காரர்களுக்கு ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. வேக்ஸின் சேர்க்கைக்கு ‘கிராஷர்’ என்ற பெயர் வழங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த வகைப் பெயர்களை ரசிகர்களின் கண்டுபிடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது, நாவலின் வார்த்தை என்று சத்தியம் செய்யவும் கூடாது. உரிமம் பெற்ற துணைநூலுக்கு நாவலுக்கு அடுத்த படியில் இடம் கொடுப்பதுதான் என் வழக்கம். நாவலோடு முட்டாதவரை அதை ஏற்கலாம்.

மூன்றாவது அடுக்கில்தான் ஃபுல்பார்னும் ஹாஃப்பார்னும் வருகின்றன. இவை ரசிகர்கள் புழக்கத்துக்காக உண்டாக்கிக்கொண்டவை. ட்வின்பார்ன் என்ற அச்சு ஏற்கெனவே இருந்ததால், அதே அச்சில் வார்த்திருக்கிறார்கள். எல்லா அல்லோமான்ஸியும் எல்லா ஃபெருக்கெமியும் ஒருசேர உள்ளவர் ஃபுல்பார்ன். லார்ட் ரூலர்தான் இதற்கு முழுமையான உதாரணம்: பிறப்பால் டெரிஸ் ஃபெருக்கெமிஸ்ட், அசென்ஷன் கிணற்றின் சக்தியால் மிஸ்ட்பார்னும் ஆனவன். ஒரு பக்கம் முழுதும், மறுபக்கம் ஒன்று மட்டும் உள்ளவர் ஹாஃப்பார்ன். ஃபுல்பார்ன் நன்றாக வேரூன்றிவிட்ட சொல், எந்த சாண்டர்சன் வாசகரிடம் சொன்னாலும் புரியும். ஹாஃப்பார்னுக்கு அந்தளவு பிடிப்பு இல்லை. ஒரு பக்கம் முழுதாகவே வைத்திருப்பவளைப் ‘பாதி’ என்பது எனக்கு முதலிலிருந்தே உறுத்துகிறது. ஆனாலும் வேறு சொல் இல்லாததால் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனவே உங்களைத் திருத்தியவர் ஒருவகையில் சரி. உங்கள் நாயகி ட்வின்பார்ன் இல்லை. ஹாஃப்பார்ன் என்ற சொல்லே நாவலில் இல்லை என்றவரும் ஒருவகையில் சரி. ஆனால் இரண்டு பேருமே இதைவிட முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார்கள். அவள் ஒரு காம்பவுண்டர்.

ஒரே உலோகத்தில் அல்லோமான்ஸியும் ஃபெருக்கெமியும் இரண்டும் உள்ளவர், தான் நிரப்பி வைத்த உலோகத்தையே விழுங்கி எரித்தால், சேமித்த குணம் பல மடங்காகத் திரும்பி வரும். அதற்குப் பெயர் காம்பவுண்டிங். இது நாவலின் சொல். சாதாரண ஃபெருக்கெமி பண்டமாற்று மாதிரி. ஒரு வாரம் நோயாளியாகப் படுத்துக் கிடந்தால்தான் ஒரு வாரத்து ஆரோக்கியம் கையில் சேரும். வேய்ன் காய்ச்சலும் இருமலுமாகக் கிடப்பதெல்லாம் இதற்காகத்தான். காம்பவுண்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கொஞ்சம் போட்டு நிறைய எடுப்பார், எடுத்ததில் ஒரு பகுதியை மறுபடி சேமிப்பார், மறுபடி எரிப்பார். ‘த அல்லாய் ஆஃப் லா’வின் வில்லன் மைல்ஸ் அப்படிப்பட்டவன். தங்கம் எரிப்பவன், தங்கத்தில் ஆரோக்கியம் சேமிப்பவன். சுட்டாலும் காயம் கண்முன்னே மூடிக்கொள்ளும். தங்கத்தை வெறும் அல்லோமான்ஸியாக எரித்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? நீ வேறுவிதமாக வாழ்ந்திருந்தால் எப்படி ஆகியிருப்பாய் என்ற ஒரு நிழலுருவம். சண்டையில் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. அதே சக்தி ஃபெருக்கெமியோடு சேர்ந்ததும் ஆள் கிட்டத்தட்ட சாகாவரம் பெற்றவன் ஆகிவிடுகிறான். லார்ட் ரூலர் ஆயிரம் வருடம் இளமையாக இருந்ததும் இதே வித்தைதான், உலோகம் மட்டும் ஏட்டியம்.

உங்கள் நாயகி மிஸ்ட்பார்ன், அதாவது தங்கத்தையும் எரிப்பாள். ஃபெருக்கெமியில் இருப்பதும் தங்கம். அப்படியானால் மைல்ஸ் செய்வதெல்லாம் அவளாலும் முடியும், கூடவே மற்ற 15 உலோகங்களும். யோசித்துப் பாருங்கள், மிஸ்ட்பார்ன் ஒருவருக்கு எந்த ஃபெருக்கெமி உலோகம் கிடைத்தாலும் அதில் அவர் காம்பவுண்டர் ஆகியே தீர்வார். ட்வின்பார்ன் 256 சேர்க்கையில் 16 மட்டுமே அப்படி. ஆக, அவள் நாலு நாள் கத்திக்குத்தோடு படுக்கையில் கிடப்பதை எந்த மிஸ்ட்பார்ன் வாசகரும் நம்ப மாட்டார். ஒன்று, அவளுக்கு இந்த வித்தை தெரியாது என்று வையுங்கள். முதல் நாவலின் காலத்தில் அது ரகசியம், அதனால் பொருந்தும். அல்லது அவளிடமிருந்து தங்கத்தைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவள் உலோகத்தை மாற்றிவிடுங்கள். எழுதுகிறவர் என்ற முறையில் நானாக இருந்தால் தகரத்தைத் தருவேன். புலன்கள் கூர்மையாகும், ஆனால் குத்தினால் குத்தினதுதான்.

இதையே நான் பல வருடமாக ஆட்டமேசையில் பார்க்கிறேன். இரண்டு சக்தி சேர்ந்த ஆளைப் பற்றிய பெயர்கள் இரண்டு வகை. சில பெயர்கள் எத்தனை சக்தி என்று எண்ணுகின்றன: ட்வின்பார்ன், ஹாஃப்பார்ன், ஃபுல்பார்ன். சில பெயர்கள் அவை சேர்ந்து என்ன செய்கின்றன என்பதைச் சொல்கின்றன: காம்பவுண்டர், கிராஷர். ரசிகர் சண்டைகளில் பாதி, முதல் வகைப் பெயரை இரண்டாம் வகையாக நினைத்துக்கொள்வதால் வருவது. கதைக்கு உதவுவது எப்போதும் இரண்டாம் வகைதான்.

மிஸ்ட்பார்னிலேயே உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. ஹெமலர்ஜி என்று ஒரு மூன்றாம் கலை. ஒருவரைக் கொன்று, உலோக ஆணி வழியாக அவர் சக்தியைத் திருடி இன்னொருவர் உடம்பில் ஏற்றுவது. ஸ்டீல் இன்குவிசிட்டர்கள் உடம்பெல்லாம் இப்படி ஆணி அடித்துப் பல சக்திகள் பெற்றவர்கள். இரண்டு கலையிலும் ஒவ்வொரு சக்தி ஆணி வழியாக வந்த ஒருவரை ட்வின்பார்ன் எனலாமா? பெயரிலேயே பிறப்பு இருப்பதால் கூடாது என்பது என் கட்சி, பெரும்பாலோர் கட்சியும் அதுதான் என்று நினைக்கிறேன். 2016இல் வந்த ‘த பேண்ட்ஸ் ஆஃப் மோர்னிங்’ நாவலிலிருந்து இன்னொரு சிக்கல். தெற்கத்தி மக்கள் அணியும் பதக்கங்கள் யாருக்கும் ஃபெருக்கெமியைத் தரும். கழற்றினால் போய்விடும். ஒரு மிஸ்டிங் அந்தப் பதக்கத்தை மாட்டிக்கொண்டால் அவர் யார்? நாவல் இதற்குத் தனிப்பெயர் வைத்து அழைப்பதில்லை. ரசிகர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் எழுதினால் உங்கள் இஷ்டம்போல் வைக்கலாம், யாரும் புத்தகத்தைக் காட்டி மறுக்க முடியாது.

உங்கள் நாயகி எந்தக் காலத்தவள் என்று நீங்கள் சொல்லவில்லை. பின்காலத்தவள் என்றால் மிஸ்ட்பார்னாக இருப்பதற்கே ஒரு காரணம் வேண்டும். லெரேசியம் என்ற உலோகத்தின் ஒரு மணியை விழுங்கினால் யாரும் மிஸ்ட்பார்ன் ஆகலாம் என்பது மூலக்கதையிலேயே இருக்கிறது. தங்க ஃபெர்ரிங்காகப் பிறந்தவள் கையில் அது கிடைத்தது என்று வைத்தால் எல்லாம் ஒழுங்காக உட்காரும்.

சரி, பொதுப்பெயர் விஷயத்துக்கு வருவோம். ‘ஹைப்ரிட்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. ரத்தக்காட்டேரி, ஓநாய்மனிதக் கதைகளில் அது இரண்டு இனங்கள் கலந்த பிறவியைக் குறிக்கும். ‘த வாம்பயர் டயரிஸ்’ பார்த்தவர்களுக்கு கிளாஸ் ஞாபகம் வரும். அந்தத் தொடரின் வழிவந்த ‘லெகசீஸ்’ தொடரில் அவன் மகள் ஹோப்புக்கு மூன்றாவதாக சூனியக்காரி ரத்தமும் சேர்ந்ததால் ‘டிரைப்ரிட்’ என்றே பெயர். அங்கே கேள்வி, நீ என்ன பிறவி என்பது. மிஸ்ட்பார்னில் எல்லோரும் மனிதர்கள்தான், கேள்வி கையில் என்ன திறமை என்பது. அதனால் உங்கள் நாயகியை ஹைப்ரிட் என்றால் படிப்பவர் கோரைப்பல்லைத் தேடுவார்.

சாண்டர்சனின் இன்னொரு வரிசை இதற்கு நல்ல எதிர் உதாரணம். 2010இல் தொடங்கிய ஸ்டார்ம்லைட் கதைகளில் பத்து சக்திகள் வட்டமாக அமைந்திருக்கும். நைட்ஸ் ரேடியன்ட் என்ற வீரர்களின் பத்து பிரிவுகளுக்கும் அடுத்தடுத்த இரண்டு சக்திகள். விண்ட்ரன்னர்களுக்கு ஒட்டுதலும் ஈர்ப்பும், அடுத்துள்ள ஸ்கைபிரேக்கர்களுக்கு அதே ஈர்ப்பும் சிதைத்தலும். எல்லோருமே இரட்டைச் சக்திக்காரர்கள்தான், ஆனாலும் அங்கே ஒருவரும் ‘ட்வின்’ எதையும் தேடவில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஆசிரியர் அழகான பெயரும் கொள்கையும் உறுதிமொழியும் கொடுத்துவிட்டார். ரசிகர்களுக்குச் சொல் தேவைப்பட்டது வேறு இடத்தில். இரண்டு சக்திகள் ஒரே ஆளிடம் இருக்கும்போது, இரண்டிலும் சேராத மூன்றாவதாக ஒரு சின்ன விளைவு தோன்றுகிறதே, அதற்கு. அதை ‘ரெசனன்ஸ்’ என்கிறார்கள். வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது ஆசிரியரும் பயன்படுத்தும் சொல்தான். இதுவும் சேர்மானத்தைக் குறிப்பதே, எண்ணிக்கையை அல்ல.

ரசிகர்கள் ஒரு சொல்லைக் கைப்பற்றி எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ‘கிஷ்’. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கித்யாங்கி என்று ஒரு இனம், மஞ்சள் தோல், வெள்ளி வாள். அதை உருவாக்கியவர் சார்லஸ் ஸ்ட்ராஸ். பிற்பாடு அறிவியல் புனைகதையில் பெரிய பெயர் வாங்கிய அதே ஸ்ட்ராஸ்தான், அப்போது பள்ளி வயதுப் பையன். கித்யாங்கி என்ற பெயரை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஆரம்பகால நாவல் ஒன்றிலிருந்து எடுத்தார். 1979இல் பிரிட்டனின் ‘ஒயிட் ட்வார்ஃப்’ இதழில் வந்தது, 1981இல் ‘ஃபீண்ட் ஃபோலியோ’ என்ற அசுரர் தொகுப்பில் சேர்ந்தது. அந்த இனத்தில் வாளும் மந்திரமும் இரண்டும் பயின்றவர்களுக்குத்தான் கிஷ் என்று பெயர். அதாவது ஒரு குறிப்பிட்ட இனத்தின், ஒரு குறிப்பிட்ட பதவிப்பெயர்.

2000இல் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. யார் வேண்டுமானாலும் எந்த வகுப்பையும் (வீரன், மந்திரவாதி, பூசாரி மாதிரி ஆட்டத்தில் ஆளின் தொழில்) எந்த வகுப்போடும் கலக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். இணையத்தில் கணக்குப்போட்டு ஆள் கட்டுபவர்கள் பெருகினார்கள். வீரன் பாதி மந்திரவாதி பாதி என்று ஒவ்வொரு முறையும் எழுதக் கை வலிக்குமல்லவா, பழைய கிஷ்ஷை எடுத்துக்கொண்டார்கள். கித்யாங்கிக்கும் அதற்கும் இருந்த உறவு அறுந்தே போனது. அப்புறம் அவர்களே அதற்கு அளவுகோலும் வைத்தார்கள்: 20ஆம் நிலைக்குள் அடிப்படைத் தாக்குதல் எண் 16 வர வேண்டும், ஒன்பதாம் நிலை மந்திரங்களும் கைவர வேண்டும், அப்போதுதான் உருப்படியான கிஷ். 16 ஏன் என்றால், அந்த எண்ணில்தான் ஒரே சுற்றில் நான்காவது வெட்டு கிடைக்கும். நிறுவனம் விதித்த விதி இல்லை இது. ரசிகர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட தேர்வு. ஒரு வட்டாரச் சொல் இவ்வளவு கறாரான பொருள் பெறுவது அபூர்வம்.

அதே காலத்தில் வந்த ‘மிஸ்டிக் தியர்ஜ்’ இன்னொரு விதம். 2003இன் 3.5 பதிப்பில், மந்திரவாதியின் மந்திரமும் பூசாரியின் மந்திரமும் இரண்டையும் வளர்க்கும் அதிகாரபூர்வ வகுப்பாக வந்தது. காகிதத்தில் பிரமாதம். மேசையில் அவ்வளவு இல்லை. மூன்று நிலை மந்திரவாதி, மூன்று நிலை பூசாரி என்று ஏறி அதன் வாசலுக்கு வரும்போது, கூட விளையாடும் அசல் மந்திரவாதி மூன்றாம் நிலை மந்திரங்களை வீசிக்கொண்டிருப்பார், நீங்கள் இரண்டாம் நிலையிலேயே நிற்பீர்கள். மந்திரங்கள் ஏராளம், ஒவ்வொன்றும் கொஞ்சம் பலவீனம். ஆனாலும் பெயர் நிலைத்தது. இரண்டு மந்திர மரபுகளைச் சேர்த்து ஓட்டும் ஆளை இன்றும் ‘தியர்ஜ்’ என்பார்கள். கிஷ் என்றால் வாள் கலந்தது, தியர்ஜ் என்றால் மந்திரத்தோடு மந்திரம் கலந்தது. இந்த வேறுபாட்டை ஆட்டக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபின் பெயர் வைக்கும் பாணியே மாறிவிட்டது. இப்போது இரண்டு வகுப்புகளின் பெயரை வெட்டி ஒட்டுகிறார்கள்: சார்சரரும் (பிறவி மந்திரவாதி) பேலடினும் (புனித வீரன்) சேர்ந்தால் சார்சடின், வார்லாக்கும் (ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெற்றவர்) சார்சரரும் சேர்ந்தால் சார்லாக். எனக்கு இவை அவ்வளவு ருசிப்பதில்லை, மருந்துக்கடைப் பெயர்கள் போல இருக்கின்றன. விதிவிலக்கு ‘காஃபிலாக்’. வார்லாக்கின் மந்திர வாய்ப்புகள் ஒரு மணி நேர ஓய்விலேயே திரும்ப வந்துவிடும். சார்சரரால் அந்த வாய்ப்புகளைப் புள்ளிகளாக மாற்றி, புள்ளிகளை மறுபடி வாய்ப்புகளாக்கிக் குவிக்க முடியும். இரவு முழுத் தூக்கம் போட்டால்தான் குவித்தது கலைந்து கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அப்போ தூங்காமலே இருந்துவிட்டால்? காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்து மந்திரம் சேர்க்கும் ஆசாமி பிறந்துவிட்டார். 2017இல் வந்த துணைநூல் ஒன்றில், நீண்ட ஓய்வைத் தவிர்ப்பவர் களைப்புக்கு ஆளாகலாம் என்று ஒரு விருப்ப விதி சேர்த்தார்கள். என் மேசையில் அந்த விதி அமலில் இருக்கிறது, விவாதத்துக்கு இடமில்லை. பெயரைப் பொறுத்தவரை இது காம்பவுண்டர் சாதியைச் சேர்ந்தது. எத்தனை வகுப்பு என்று சொல்லவில்லை, கலந்ததும் என்ன திருட்டுத்தனம் நடக்கிறது என்று சொல்கிறது.

அனிமே பக்கம் இரண்டு வார்த்தை. நருட்டோ ரசிகர்கள் ‘கெக்கே கென்காய்’ என்றால் இரண்டு சக்ரா தன்மைகளின் கலப்பு என்று சொல்வதுண்டு. ஹாக்கு என்ற பாத்திரத்தின் பனி வித்தை நீரும் காற்றும் கலந்தது, அது சரிதான். ஆனால் ஷாரிங்கன், பியாகுகன் போன்ற கண் சக்திகளும் அதே பெயருக்குள் வருகின்றன, அவற்றில் கலப்பு எதுவும் இல்லை. பரம்பரைச் சக்தி என்பதுதான் அதன் விரிந்த பொருள், கலப்பு அதில் ஒரு கிளை. மூன்று தன்மைகள் கலந்த ஓனோக்கி என்பவரின் வித்தைக்குக் கதையிலேயே ‘கெக்கே தோட்டா’ என்று வேறு பெயர் உண்டு.

‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ உலகத்தில் நேர்மாறான குழப்பம். கோரா தொடரில் போலின் எரிமலைக்குழம்பைக் கையாளத் தொடங்கியதும், அவன் அப்பா மண் நாட்டுக்காரர், அம்மா நெருப்பு நாட்டுக்காரர், எனவே இவன் இரட்டை பெண்டர் (பூதங்களை ஆள்பவன்) என்று பலர் முடிவுகட்டினார்கள். தொடர் காட்டுவது அப்படியில்லை. அவன் எர்த்பெண்டர், அதாவது மண்ணை ஆள்பவன் மட்டுமே, லாவா என்பது மண் வித்தையின் அபூர்வமான ஒரு பிரிவு. அந்த உலகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பூதங்களை ஆள்வது அவதாருக்கு மட்டுமே உரியது. பெற்றோரின் கலப்பு, லாவா வருவதற்கு ஏதுவாக இருந்திருக்குமா என்பது ரசிகர்களின் ஊகம். ரசிக்கத்தக்க ஊகம், ஆனால் ஆதாரமாகக் காட்ட முடியாது.

ஆக எல்லாக் கதைக்கும் ஒரே பெயர் என்று எனக்குத் தெரிந்து எதுவும் நிலைக்கவில்லை. சக்திகளுக்கு நடுவே எங்கே கோடு போட்டிருக்கிறது என்பது கதைக்குக் கதை வேறு, கலப்பு என்பதே அந்தக் கோட்டைத் தாண்டுவதுதான். கோடு தெரியாதவரிடம் பெயரை மட்டும் சொன்னால் ஒன்றும் போய்ச் சேராது. கிஷ் மட்டும் ஓரளவு வெளியூர்ப் பயணம் செய்திருக்கிறது, அதுவும் வாளும் மந்திரமும் உள்ள கதைகளுக்கு மட்டும்.

உங்கள் கதையில் நடைமுறையாக இப்படிச் செய்யுங்கள். கதைக்குள்ளே அவளை மற்றவர்கள் மிஸ்ட்பார்ன் என்றே அழைக்கட்டும். அவர்களுக்குத் தெரிவது அவ்வளவுதான், தங்கத்தின் விஷயம் வெளியே தெரிந்தால் அவள் தலை தப்பாது. அவளுக்கு அந்த வித்தை புரியும் காட்சியில் காம்பவுண்டிங் வரட்டும். ஹாஃப்பார்ன், ஃபுல்பார்ன் எல்லாம் கதையை ஏற்றும்போது போடும் குறிச்சொற்களிலும் முன்குறிப்பிலும் இருந்தால் போதும், அந்த மாதிரிக் கதை தேடுபவர்கள் அதை வைத்துத்தான் தேடுவார்கள். கதைமாந்தர் வாயில் மட்டும் வேண்டாம்.